நிறுத்தத்தில் நிற்பவரின் நுரையீரல்

2025 ஜூன் 30 அன்று சென்னை வியாசர்பாடிப் பணிமனையிலிருந்து மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் 120 தாழ்தள மின்சாரப் பேருந்துகள் சாலைக்கு வந்தன. அடுத்து ஆகஸ்டில் பெரும்பாக்கம் பணிமனையிலிருந்து இன்னும் 135 வண்டிகள் கிளம்பின. அவற்றில் 55 குளிர்சாதன வசதி கொண்டவை. உலக வங்கியின் உதவியோடு நடக்கும் இந்தத் திட்டத்தின் முதல் கட்டத்தில் மொத்தம் 625 வண்டிகள், ஐந்து பணிமனைகள். ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும். சரி, ஆஸ்துமாவோடு தினமும் வேலைக்குப் போகிறவருக்கும், பஸ் ஸ்டாப் ஓரத்தில் நாள் முழுக்க உட்கார்ந்து பூ விற்கும் பெண்ணுக்கும் இதனால் என்ன கிடைக்கும்?

டீசல் புகைக்குள் இருப்பவை

சைலன்சரிலிருந்து வரும் கரும்புகை கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் உடலுக்குள் ஆழமாகப் போவது கண்ணுக்குத் தெரியாத பகுதி. 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவான விட்டமும் கொண்ட துகள்களை மூக்கின் முடியும் சளியும் முழுவதுமாகத் தடுக்க முடியாது. அவை நுரையீரலின் கடைசிக் காற்றறைகள் வரை போய்த் தங்குகின்றன. அதைவிட நுண்ணிய சில துகள்கள் அங்கிருந்து ரத்தத்தில் கலக்கவும் கூடும். அங்கே தொடங்கும் அழற்சி ரத்தக் குழாய்களைப் பாதிக்கிறது, ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. புகை என்றால் இருமல், சளி என்றுதான் பலரும் நினைக்கிறோம். மாரடைப்பும் பக்கவாதமும் இதே பட்டியலில் இருக்கின்றன.

புகையோடு வரும் நைட்ரஜன் டை ஆக்சைடு வாயு மூச்சுக்குழாயின் உட்சுவரை எரிச்சலூட்டி வீங்க வைக்கிறது. ஏற்கெனவே வீசிங் உள்ள குழந்தைக்கு அடுத்த தாக்குதலைத் தூண்ட அது போதும். 2012இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டீசல் எஞ்சின் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியான பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. சிகரெட் புகையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் பிரிவு அது.

2021இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலைத் திருத்தி, நுண்துகளின் ஆண்டுச் சராசரி ஒரு கனமீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்றது. இந்தியாவின் 2009ஆம் ஆண்டுத் தரநிலை 40 வரை அனுமதிக்கிறது. "காற்று அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருக்கிறது" என்று படிக்கும்போது இந்த இடைவெளியையும் நினைவில் வையுங்கள்.

நிறுத்தம்தான் மோசமான இடம்

நின்ற பேருந்து கிளம்பும்போது எஞ்சினுக்குச் சுமை அதிகம். பழைய டீசல் எஞ்சின் கருப்பாகக் கக்குவது அந்தச் சில நொடிகளில்தான். அந்த நொடிகள் எங்கே நிகழ்கின்றன? நூறு பேர் காத்து நிற்கும் நிறுத்தத்தில். நகரத்தின் மொத்த மாசுக் கணக்கில் பேருந்துகளின் பங்கு சிறியதாகவே இருக்கலாம். துறைமுகத்துக்குப் போகும் லாரிகள், லட்சக்கணக்கான இருசக்கர வாகனங்கள், கட்டுமானத் தூசி, குப்பை எரிப்பு, மணலி, எண்ணூர் ஆலைகள் என்று சென்னைக் காற்றைக் கெடுப்பவை பல. ஆனால் நிறுத்தத்தில் நிற்பவருக்கு நகரச் சராசரி ஒரு பொருட்டில்லை. மூன்றடி தள்ளி நிற்கும் வண்டியின் புகைதான் அவருடைய காற்று.

அம்மாவின் கையைப் பிடித்து நிற்கும் குழந்தையின் மூக்கு, சைலன்சரின் உயரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. உடல் எடையோடு ஒப்பிட்டால் குழந்தை பெரியவரைவிட அதிகக் காற்றை இழுக்கிறது. கர்ப்பிணிகள் நெடுநாள் மாசுக்காற்றைச் சுவாசித்தால் குறைப்பிரசவத்துக்கும் எடை குறைந்த குழந்தை பிறப்பதற்கும் வாய்ப்பு கூடுகிறது. போக்குவரத்துக் காவலர், ஓட்டுநர், நடத்துநர், பணிமனை மெக்கானிக், நிழற்குடை ஓரத்துக் கடைக்காரர் ஆகியோருக்கோ இது ஒருநாள் விஷயமல்ல. பணி ஓய்வு வரை இதே காற்றுதான்.

மின்சாரப் பேருந்துக்குச் சைலன்சரே கிடையாது. அதன் முதல் பயன் போய்ச் சேருவது இவர்களுக்குத்தான். இந்தத் திட்டத்தை நான் மனதார வரவேற்பதற்கு இது ஒன்றே போதும்.

லண்டன் தெருவில் ஒரு பாடம்

லண்டனின் ஆக்ஸ்போர்டு தெருவில் பகல் நேரத்தில் பெரும்பாலும் பேருந்துகளும் டாக்சிகளும் மட்டுமே ஓடின. இங்கே சொல்லப்போகும் ஆய்வுகள் நடந்த காலத்தில் அவை பெரும்பாலும் டீசல் வண்டிகள். இரண்டு பக்கமும் உயர்ந்த கட்டடங்கள் இருப்பதால் புகை எளிதில் கலைவதில்லை. நம் புரசைவாக்கத்தையும் பாரிமுனையையும் அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆஸ்துமா உள்ள 60 பேரை அந்தத் தெருவில் இரண்டு மணி நேரம் நடக்க வைத்து நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. பக்கத்திலுள்ள ஹைட் பூங்காவில் நடந்தபோது இருந்ததைவிடத் தெருவில் நடந்தபோது அவர்களின் நுரையீரல் திறன் குறைந்தது.

2018இல் லான்செட் இதழில் வந்த இன்னோர் ஆய்வில் 60 வயது தாண்டியவர்கள் நடந்தார்கள். சிலர் ஆரோக்கியமானவர்கள், சிலர் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயோ இதய நோயோ உள்ளவர்கள். பூங்காவில் நடந்தபோது மூச்சுத்திறன் மேம்பட்டது, ரத்தக் குழாய்களின் விறைப்பு குறைந்தது. அந்த நன்மை மறுநாள் வரை நீடித்தது. அதே நடையை டீசல் தெருவில் நடந்தபோது நன்மை பெருமளவு கரைந்துபோனது. 'தினமும் நடங்கள்' என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும் சீட்டுக்கு எங்கே நடக்கிறோம் என்பதும் சேர்ந்த பொருள்தான்.

நம்பிக்கை தரும் ஆய்வும் இருக்கிறது. தெற்கு கலிபோர்னியாவில் காற்று படிப்படியாகச் சுத்தமாகி வந்த ஆண்டுகளில் வெவ்வேறு காலத்துப் பள்ளிப் பிள்ளைகளின் நுரையீரல் வளர்ச்சியை ஒப்பிட்டார்கள். காற்று மேம்பட மேம்பட 11 முதல் 15 வயது வரையிலான வளர்ச்சி கூடியிருந்தது. ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்கும் இல்லாதவர்களுக்கும் இது பொருந்தியது.

எந்த வண்டி ஓய்வு பெறுகிறது?

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ் என்ற புகைத் தரநிலை) டீசல் வண்டிகளில் துகள்களைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அதற்கு முந்தைய பிஎஸ்-3, பிஎஸ்-4 பேருந்துகள் விடும் துகள் பல மடங்கு. ஆகவே புதிதாக எத்தனை மின்சார வண்டி வந்தது என்று மட்டும் கேட்டால் போதாது. அந்த வழித்தடத்திலிருந்து எது விலகியது என்று கேட்க வேண்டும். பழையதும் ஓடி, புதியதும் ஓடினால் இருக்கை கூடுமே தவிர காற்றில் பெரிய மாற்றம் தெரியாது. 3,000க்கும் மேற்பட்ட பேருந்துகளை ஓட்டும் கழகத்தில் 625 என்பது தொடக்கம்தான். சீனாவின் ஷென்சென் நகரம் 2017 முடிவதற்குள் 16,000க்கும் மேற்பட்ட தன் பேருந்துகள் அனைத்தையும் மின்சாரத்துக்கு மாற்றி முடித்தது.

முதல் பணிமனையாக வியாசர்பாடி அமைந்தது நல்ல விஷயம். ஆலைப் புகையையும் லாரிப் புகையையும் பல தலைமுறையாகச் சுமந்த பகுதி வட சென்னை. அரசு மருத்துவமனைகளும் பள்ளிகளும் நெருக்கமாக உள்ள குறுகிய சாலைகளுக்கு அடுத்த முன்னுரிமை தர வேண்டும். ஓட்டுநர்களுக்கும் நடத்துநர்களுக்கும் ஆண்டுக்கு ஒருமுறை நுரையீரல் திறன் பரிசோதனை செய்ய வேண்டும். மின்சாரப் பேருந்துகளை ஓட்டும் ஒப்பந்த ஓட்டுநர்களை அதில் விட்டுவிடக் கூடாது. அந்தப் பரிசோதனை முடிவுகளைத் தொகுத்து வைத்தால், இந்த மாற்றம் உடலுக்கு என்ன செய்தது என்பதற்கு நம் ஊரின் சான்றே கிடைக்கும்.

எண்ணூரை மறக்க முடியாது

பேருந்துக்கு ஏற்றும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி நியாயமானது. இந்திய மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகிறது. வட சென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களின் சாம்பலும் புகையும் எண்ணூர், அத்திப்பட்டு மக்களின் வீட்டு வாசலில் விழுகின்றன. அண்ணா சாலையின் மூச்சு சீராவதற்கு எண்ணூரின் மூச்சு திணறினால் அது சுகாதாரத் திட்டம் ஆகாது. தமிழ்நாட்டில் 10,000 மெகாவாட்டுக்கும் மேலான காற்றாலைத் திறன் இருக்கிறது, வெயிலுக்கும் குறைவில்லை. பணிமனைக் கூரைகளிலிருந்தே சூரிய மின்சாரத்தைத் தொடங்கலாம்.

டயர் தேய்மானத் தூசியும் சாலைப் புழுதியும் மின்சார வண்டியிலும் உண்டு. பேட்டரி எடையால் டயர் தேய்மானம் கூடவும் செய்யலாம். வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே மின்சாரத்தைத் திருப்பி எடுப்பதால் பிரேக் தூசி மட்டும் குறைகிறது. எஞ்சின் இரைச்சல் இல்லாதது தனி நன்மை. நெடுநாள் போக்குவரத்துச் சத்தம் தூக்கத்தையும் ரத்த அழுத்தத்தையும் பாதிக்கிறது.

காற்று சுத்தமாகும் வரை நாம் செய்யக்கூடியவை

நிறுத்தத்தில் வண்டியின் பின்பக்கம் நிற்காதீர்கள். குழந்தையைச் சாலையிலிருந்து தள்ளி, உள்பக்கமாக நிறுத்துங்கள். கைக்குட்டை நுண்துகளைத் தடுக்காது. மூச்சுநோய் உள்ளவர்கள் நெரிசல் சாலையில் முகத்தில் நன்றாகப் பொருந்தும் என்-95 முகக்கவசம் அணியலாம். நடைப்பயிற்சிக்குப் பிரதான சாலையை விட்டுக் கடற்கரையையோ பூங்காவையோ தேடுங்கள். மார்கழி, தை அதிகாலையில் குளிர்ந்த காற்று புகையைத் தரையோடு அழுத்தி வைக்கும். போகியன்று இது உச்சம். அப்போது ஆஸ்துமா உள்ளவர்கள் வெயில் ஏறிய பிறகு வெளியே போவது நல்லது. மருத்துவர் தந்த தடுப்பு இன்ஹேலரை, மூச்சு நன்றாக இருக்கிறது என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

முடிந்த நாட்களில் பைக்கை வீட்டில் விட்டுப் பேருந்தில் ஏறுங்கள். பாதி காலியாக ஓடும் மின்சாரப் பேருந்தால் சாலையில் வண்டிகள் குறையாது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் "வெளியே புகை அதிகம்" என்று தள்ளிப்போடாமல் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அங்கே காசநோய்க்கான சளிப் பரிசோதனை இலவசம். படி ஏறும்போதோ கொஞ்ச தூரம் நடக்கும்போதோ மூச்சிரைத்தால், நுரையீரல் திறனை ஒருமுறை அளந்து பார்க்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.