பெரிய பழைய ஜீப் வாங்கலாமா?

வியாபாரத்திற்கு வண்டி வாங்குவது கடைக்குச் சரக்கு வாங்குவது போலத்தான். விலை மலிவு என்பதற்காக விற்காத சரக்கை நாம் வாங்குவதில்லை. ஆனால் வண்டி விஷயத்தில் மட்டும் நம்மில் பலர் கணக்கை மறந்து விடுகிறோம்.

தேனி மாவட்டம் போடிநாயக்கனூரில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நம் அன்பர் ஒருவர் சென்ற மாதம் நம்மிடம் யோசனை கேட்டார். போடிமெட்டு தாண்டி, கேரள மலையில் உள்ள ஏலத்தோட்டங்களுக்கு அவர் அரிசி, பருப்பு, எண்ணெய் அனுப்பி வருகிறார். மழைக்காலத்தில் தோட்டப் பாதை சேறாகி விடும். அவருடைய சிறிய லோடு வண்டி பாதி வழியில் நின்றுவிடும். அப்போது வாடகை ஜீப்தான். "எட்டு வருடம் ஓடிய பெரிய ஃபோர் வீல் வண்டி ஒன்று வந்திருக்கிறது. லோடு வண்டியைக் கொடுத்தது போக இன்னும் 6 லட்சம் போட்டால் போதும். முடித்து விடலாமா அண்ணாச்சி?" என்றார்.

"போன வருடம் எத்தனை நாள் ஜீப் பிடித்தீர்கள்?" என்று கேட்டோம். "நிறைய நாள்" என்றார். நோட்டைப் புரட்டச் சொன்னோம். 38 நாள்தான்! நடைக்கு 1,800 ரூபாய் வீதம் 68,400 ரூபாய். மாதத்திற்குப் பார்த்தால் 5,700 ரூபாய்.

மறு பக்கக் கணக்கு

6 லட்சத்தைச் சரக்கில் போட்டு மாதம் ஒரு முறை சுழற்றி, 2 சதவீதம் நின்றால்கூட 12,000 ரூபாய். அந்த வருமானம் வண்டியில் முடங்கும்.

மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டம். லோடு வண்டி லிட்டருக்கு 15 கிலோமீட்டரும் பெரிய வண்டி 10 கிலோமீட்டரும் கொடுப்பதாக வைத்துக் கொள்வோம். 50 லிட்டர் டீசல் கூடுதல். லிட்டர் 92 ரூபாய் என்றால் 4,600 ரூபாய். 100-க்கு 5 ரூபாய் நிற்கும் வியாபாரத்தில் இந்தப் பணத்தைச் சம்பாதிக்க 92,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். டயர், ரிப்பேர், இன்சூரன்ஸ் வகையில் மேலும் 5,000 ரூபாய். ஆக மொத்தம் மாதம் 21,600 ரூபாய்.

வருடத்தில் 144 நாள் ஜீப் பிடிப்பவருக்குத்தான் இந்தக் கணக்கு சரிக்குச் சரி வரும். 38 நாள் பிடிப்பவருக்கு வாடகை ஜீப்பே லாபம். சேற்றுக்கென்று வாங்கும் வண்டி மற்ற நாட்களில் தார் ரோட்டிலும் அதே டீசலைத்தான் குடிக்கும்.

பலகையைக் கவனியுங்கள்

அவர் பார்த்தது வெள்ளைப் பலகை வண்டி. சொந்த உபயோகத்திற்கு என்று பதிவான வண்டியில் மூட்டை ஏற்றினால் அபராதம் மட்டுமல்ல, விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டை மறுக்கவும் வழி ஏற்படும். வாங்கியே ஆக வேண்டும் என்றால், சரக்கு வண்டியாகவே பதிவான ஃபோர் வீல் பிக்கப் வண்டியைத் தேடுவது நல்லது.

வாங்குவோர் பார்க்க வேண்டியவை

1. வண்டியை இரவெல்லாம் நிறுத்தி வைத்து, காலையில் உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஓடும்போது எண்ணெய் மூடியைத் திறந்தால் புகை தள்ளுகிறதா என்று பாருங்கள்.

2. ஃபோர் வீல் கியரும் லோ கியரும் விழுகின்றனவா என்று மண் பாதையில் போட்டுப் பாருங்கள். வருடக்கணக்கில் தொடாமல் விட்ட கியர் இறுகியிருக்கும். நான்கு டயரும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

3. உங்கள் மெக்கானிக்கை வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சேஸில் வெல்டிங் பட்ட தடமோ, துருவை மறைத்த புது பெயிண்டோ இருந்தால் விட்டு விடுங்கள்.

4. ஆர்.சி.யில் கடன் பதிவு இருந்தால் அது நீக்கப்பட்ட பிறகே முழுப் பணம் கொடுங்கள். சேஸ் எண்ணையும் ஒப்பிடுங்கள்.

5. டில்லிப் பகுதியில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. உச்ச நீதிமன்றமும் 2018-ல் அதை உறுதி செய்தது. அதன் பின் அங்கிருந்து மலிவாக வண்டிகள் வரத் தொடங்கின. வெளிமாநில வண்டி என்றால் தடையின்மைச் சான்று, மறுபதிவு, இங்கே கட்ட வேண்டிய வரி எல்லாவற்றையும் சேர்த்து விலை போடுங்கள்.

6. 15 ஆண்டு முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ரூபாய் ஆயிற்று. வயதான வண்டிக்கு இதையும் கணக்கில் வையுங்கள்.

7. இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுங்கள்.

பழைய வண்டியை விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. விற்ற பிறகும் பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வெறும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்து விடாதீர்கள்.

நம் அன்பர் வண்டியை வாங்கவில்லை. வாடகை ஜீப்காரர் ஒருவரிடம் மழைக்காலம் முழுவதற்கும் நடைக்கு இவ்வளவு என்று பேசி முடித்துக் கொண்டார். 6 லட்சம் ஏலக்காய் சீசனுக்கு முன் அரிசியாகவும் பருப்பாகவும் குடோனில் இறங்கியது. தோட்டங்கள் பெருகி நடை கூடினால் மீண்டும் கணக்குப் போடலாம்.

வண்டி பார்க்கக் கிளம்புமுன் சென்ற ஆண்டு நோட்டை ஒரு முறை புரட்டுங்கள், வணிகப் பெருமக்களே. வாங்கலாமா வேண்டாமா என்பது அதிலேயே எழுதியிருக்கும்.