வழக்கொழிதல்

வழக்கொழிதல் என்பது ஒரு பொருள், தொழில்நுட்பம், முறை அல்லது சொல் மக்களின் பயன்பாட்டிலிருந்து படிப்படியாக நீங்குவதைக் குறிக்கும். அப்பொருள் பழுதடைந்திருக்க வேண்டும் என்பதில்லை. அதைவிட வசதியானதோ மலிவானதோ வந்துவிட்டால், நல்ல நிலையில் உள்ள பொருளும் வழக்கொழியும்.

சொல்லமைப்பு

வழக்கு + ஒழிதல் = வழக்கொழிதல். ‘வழக்கு’ என்பதற்கு நீதிமன்ற வழக்கு என்ற பொருளும் உண்டு. இங்கு அது மக்களிடையே நிலவும் பயன்பாட்டைக் குறிக்கிறது. உலக வழக்கு, செய்யுள் வழக்கு என இலக்கணத்தில் வருவதும் இப்பொருளிலேயே. மொழியில் பழையவை நீங்குவதையும் புதியவை சேர்வதையும் நன்னூல் குற்றமாகக் கொள்ளாமல் காலத்தின் இயல்பாகக் கொள்கிறது.

காலாவதியும் வழக்கொழிதலும்

இவ்விரு சொற்களையும் ஒரே பொருளில் எழுதுவது பரவலாகக் காணப்படுகிறது. காலாவதி என்பது காலம், அவதி (எல்லை) என்னும் வடசொற்களின் சேர்க்கை. முன்கூட்டியே குறிக்கப்பட்ட நாள் கடந்துவிட்டதை இது உணர்த்தும். மருந்து, ஓட்டுநர் உரிமம், காப்பீடு ஆகியவை காலாவதியாகும். கன்னடத்தில் ‘அவதி’ இன்றும் காலவரம்பைக் குறிக்கிறது. தமிழில் அது தனியே வரும்போது துன்பம் என்ற பொருளே பெருவழக்கு. ஓசூர் போன்ற எல்லைப்புற ஊர்களில் இரு பொருள்களையும் கேட்கலாம்.

வழக்கொழிதலுக்குக் குறித்த நாள் கிடையாது.

எடுத்துக்காட்டு: கைக்கடிகாரம்

பெங்களூரில் 1961 இல் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் கைக்கடிகார உற்பத்தியைத் தொடங்கியது. நாள்தோறும் சாவி கொடுக்க வேண்டிய அக்கடிகாரங்கள் பல ஆண்டுகள் இந்தியச் சந்தையில் முன்னணியில் இருந்தன. 1984 இல் டாட்டா குழுமமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமும் (டிட்கோ) இணைந்து டைட்டன் நிறுவனத்தைத் தொடங்கின. அதன் தொழிற்சாலை ஓசூரில் அமைந்தது. அங்கு உருவான குவார்ட்ஸ் கடிகாரங்கள் மின்கலத்தால் இயங்கின. அவற்றிலுள்ள படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்வதால், சாவி கொடுக்காமலேயே துல்லியமான நேரம் கிடைத்தது. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016 இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது.

ஆயினும், நல்ல நிலையிலுள்ள பழைய எச்.எம்.டி. கடிகாரம் சாவி கொடுத்தால் இன்றும் ஓடும். ஆகவே அது காலாவதியானது அன்று. அன்றாடப் பயன்பாட்டில் வழக்கொழிந்தது. ‘சாவி கொடுத்த பொம்மை போல’ என்ற பேச்சு வழக்கோ ஒழியவில்லை. பொருள் மறைந்த பின்னும் சொல் நிலைப்பதற்கு இது சான்று.

பயன்படுத்தும் முறை

காலாவதியான மாத்திரையை உண்ணக் கூடாது. (சரி)
தட்டச்சுப்பொறி வழக்கொழிந்து வருகிறது. (சரி)
தட்டச்சுப்பொறி காலாவதியானது. (தவிர்க்கலாம்)

மனிதரைக் குறிக்க இச்சொற்கள் பொருந்தா. தொழிற்சாலையில் ஓர் எந்திரம் வழக்கொழியலாம். அதை இயக்கியவர் புதிய எந்திரத்தைக் கற்றுக்கொள்ள முடியும் என்பதால், அவரைக் ‘காலாவதியானவர்’ என எழுதுவது பொருளாலும் பண்பாலும் பிழையாகும்.