மடக்கு நாற்காலி: வெயிலையும் உப்புக் காற்றையும் தாங்குவது எது?

கூடாரம் அடித்துத் தங்குகிறவர்களுக்காக உருவான மடக்கு நாற்காலி, இன்று கூடாரமே இல்லாத பல இடங்களிலும் விரிக்கப்படுகிறது. திருவள்ளூர் வட்டாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். பூண்டி நீர்த்தேக்கத்தின் பக்கம் மாலைப்பொழுதைக் கழிக்க வரும் குடும்பங்கள், பழவேற்காட்டில் பூநாரைகளைப் பார்க்க விடியலிலேயே வந்து காத்திருப்பவர்கள், அமாவாசைக்கு முதல் நாள் இரவே வீரராகவப் பெருமாள் கோயிலுக்கு வந்து தங்கும் பெரியவர்கள், திருப்பாச்சூர் வாசீஸ்வரரைத் தரிசிக்க வரும் மூட்டுவலிக்காரர்கள், கும்மிடிப்பூண்டி ஆலை வாசலில் இரவுக் காவல் இருப்பவர்கள் என்று அதன் தேவை விரிந்துகொண்டே போகிறது. இவர்கள் எல்லாருக்கும் ஒரே நாற்காலி பொருந்தாது. ஆனால் வாங்கும்போது பார்க்க வேண்டியவை பெரும்பாலும் ஒன்றுதான். உட்காரும் சுகம் இருக்கையின் உயரத்திலும் துணியின் விறைப்பிலும் இருக்கிறது. நாற்காலியின் ஆயுள் மூட்டுகளில் இருக்கிறது. தண்ணீர் பாட்டில் வைக்கும் பையும் கைப்பிடியில் சுற்றிய பஞ்சும் அதற்குப் பிறகுதான்.

இன்றைய வடிவங்களுக்கு 19-ஆம் நூற்றாண்டின் ராணுவ முகாம்களும் நில ஆய்வு முகாம்களும்தான் மூலம். 1877-இல் ஜோசப் பெவர்லி ஃபென்பி என்ற ஆங்கிலேயர், குறுக்கே மடங்கும் மரச்சட்டத்தின் நான்கு முனைகளில் துணியைத் தொங்கவிடும் நாற்காலிக்குக் காப்புரிமை பெற்றார். இன்று கடையில் குடைபோலச் சுருங்கும் நாற்காலியும் நான்கு முனைகளில் துணியை மாட்டும் அதே முறையில்தான் நிற்கிறது. இந்தியாவில் பிறந்த வடிவம் ஒன்றும் உண்டு. வங்காளப் பொறியாளர் படை இருந்த ரூர்க்கி நகரத்தின் பெயரால் வழங்கும் அந்த நாற்காலியில் பசையும் கிடையாது, ஆணி அடித்து இறுக்கிய மூட்டும் கிடையாது. கால்களில் குடைந்த துளைகளில் சட்டங்கள் செருகி நிற்கும். தோலோ கித்தானோ அவற்றை இழுத்துப் பிடிக்கும். மூட்டுகளில் சிறிது தளர்வு இருப்பதால் மேடுபள்ளமான தரையிலும் நான்கு கால்களும் மண்ணைத் தொடும். உடைந்த சட்டத்தை உள்ளூர்த் தச்சரே செய்து கொடுத்துவிடுவார். பூண்டிக்கு அருகே உள்ள அத்திரம்பாக்கத்தில் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் கற்கருவிகளைக் கண்டெடுத்த காலத்தில், நிலவியல் ஆய்வு என்பதே ஊர் ஊராக முகாம் மாற்றும் வேலை. கடையே இல்லாத இடத்தில் பழுது பார்க்க முடியாத பொருளால் அத்தகைய முகாம்களுக்குப் பயனில்லை. அந்த அளவுகோல் இன்றைக்கும் செல்லும்.

முதலில் உயரம். தரையிலிருந்து இருக்கையின் முன்விளிம்பு வரை 40 முதல் 45 சென்டிமீட்டர் இருந்தால் சாதாரண நாற்காலியைப்போல் உட்கார்ந்து எழலாம். கைப்பைக்குள் அடங்கும் இலகுவான வகைகளிலும் கடற்கரை நாற்காலிகளிலும் இது 30 சென்டிமீட்டருக்கும் கீழே போவதுண்டு. கால் நீட்டிச் சாய இளைஞர்களுக்கு அது சுகம். முழங்கால் தேய்ந்தவர்களுக்கோ எழுந்திருக்கும் ஒவ்வொரு முறையும் தண்டனை. பெரியவர்களுக்காக வாங்கும்போது கைப்பிடி உறுதியானதா என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். துணிப்பட்டையாக மட்டும் உள்ள கைப்பிடியை ஊன்றி எழ முடியாது. உள்ளே குழாய் ஓட வேண்டும்.

அடுத்தது துணியின் விறைப்பு. தொட்டில்போலத் தொய்யும் இருக்கையில் இடுப்பெலும்பு பின்பக்கம் சரிந்து கீழ்முதுகு கூன்போடுகிறது. முதல் ஐந்து நிமிடம் மெத்தென்றிருக்கும். அரை மணியில் இடுப்பு வலிக்கும். முன்பக்கக் கம்பி தொடையின் அடிப்பகுதியை அழுத்தினால் கால் மரத்துப்போகும். முதுகு சாய்ந்த நிலையில் இருக்கையின் விளிம்புக்கும் முழங்காலின் பின்மடிப்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். கடையில் நின்றபடி தடவிப் பார்த்து இதையெல்லாம் அறிய முடியாது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பத்து நிமிடமாவது உட்கார்ந்து பார்ப்பதே சரி.

சட்டத்துக்குப் பெரும்பாலும் இரும்புக் குழாய், இல்லையென்றால் அலுமினியக் கலவை. சைக்கிளுக்கும் வாகனங்களுக்கும் குழாய் செய்யும் தொழில் ஆவடியில் பல பத்தாண்டுகளாக வேரூன்றிய ஒன்று. குழாயின் விட்டம் எவ்வளவு முக்கியம் என்பதை அங்கே வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மெல்லிய சுவருள்ள குழாயின் விறைப்பு ஏறத்தாழ விட்டத்தின் மூன்றாம் அடுக்கில் கூடுகிறது. சுவர்த் தடிமன் ஒன்றாகவே இருந்தால், 16 மில்லிமீட்டர் குழாயைவிட 19 மில்லிமீட்டர் குழாய் மூன்றில் இரண்டு பங்கு கூடுதல் விறைப்பாக நிற்கும். மூன்று மில்லிமீட்டரில் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. இரும்பு நாற்காலி பொதுவாக இரண்டரை கிலோவிலிருந்து நான்கு கிலோ வரை இருக்கும்; காரில் போகிறவர்களுக்கு அது பாரமில்லை. அரக்கோணம் மின்சார ரயிலில் ஏறி இறங்கி, பேருந்து பிடித்துப் போகிறவர்களுக்கு ஒரு கிலோ அளவிலான அலுமினிய வகை தோதுப்படும். விலை கூடும், உயரம் குறையும்.

குழாய் நடுவில் முறிவது அரிது. ரிவெட்டுக்காகத் துளையிட்ட இடத்தில் நசுங்கும். கம்பிகள் சேரும் பிளாஸ்டிக் முடிச்சில் வெடிக்கும். துணியின் மூலைப் பையில் கிழியும். அதனால் கண் போக வேண்டியது இந்த மூன்று இடங்களுக்கு. ரிவெட்டின் இருபுறமும் வாஷர் இருக்கிறதா, பிளாஸ்டிக் முடிச்சு தடிமனாக இருக்கிறதா, மூலையில் துணி இரட்டையாக மடித்துக் குறுக்கும் நெடுக்குமாகத் தைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ரிவெட்டுக்குப் பதிலாக போல்ட்டும் நட்டும் போட்ட நாற்காலி கிடைத்தால், சற்று அதிகம் கொடுத்தாவது அதை வாங்கலாம். தளர்ந்தால் முடுக்கலாம், தேய்ந்தால் மாற்றலாம்.

துணியின் சீட்டில் 600 டெனியர் என்று போட்டிருப்பார்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அதுவே டெனியர். எண் கூடினால் நூல் பருமன் என்று பொருள். நெருக்கமாக நெய்ததா என்பதை அது சொல்லாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நெசவின் அடர்த்தி தெரிந்துவிடும். திருத்தணியும் திருவள்ளூரும் கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்கள். இங்கே பாலியஸ்டர்தான் ஏற்றது. நைலான் உறுதியானதுதான், ஆனால் நனைந்தால் தொய்யும். புற ஊதாக் கதிரில் பாலியஸ்டரைவிட விரைவாக நைந்துபோகும். முதுகுப் பகுதி வலைத்துணியாக இருந்தால் வியர்வை தங்காது. பருத்திக் கித்தான் உடலுக்கு இதமானது, பழைய ஈஸிசேரின் சுகமே அதில்தான். ஆனால் மழைக்காலத்தில் ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்து இற்றுவிடும்.

எடை தாங்கும் அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. முகாம் இருக்கைகளையும் உள்ளடக்கிய ஐரோப்பியத் தரமான இஎன் 581, 110 கிலோ வரை உள்ள பயனரைக் கருதியே சோதனைகளை வகுத்திருக்கிறது. நாற்காலியில் எழுதியிருக்கும் எண், மெதுவாக அமர்ந்து நேராக இருப்பவருக்கானது. தொப்பென்று விழுந்து உட்கார்ந்தாலோ பின்னங்கால்களில் சாய்ந்து ஆடினாலோ மூட்டில் விழும் விசை உடல் எடையைப் பல மடங்கு மிஞ்சும். 90 கிலோ உள்ளவர் 100 கிலோ நாற்காலியை வாங்குவது சரியல்ல. 120 கிலோவாவது வேண்டும்.

பழவேற்காடு போன்ற உப்புக் காற்று வீசும் இடத்தில் பவுடர் கோட்டிங் உரிந்த கீறலிலிருந்து துரு தொடங்கும். திறந்த குழாய் முனை வழியாக உள்ளேயும் அரிக்கும். அலுமினியச் சட்டத்தில் சாதாரண இரும்பு ரிவெட் இருந்தால், உப்பு ஈரத்தில் இரண்டு உலோகங்களும் சேர்ந்து அரிப்பை வேகப்படுத்தும். திரும்பியதும் நல்ல தண்ணீரில் கழுவி, விரித்து நிழலில் உலர்த்தினால் போதும். மூட்டில் எண்ணெய் விட்டால் மணல் ஒட்டித் தேய்க்கும். மெழுகுவத்தியைத் தேய்ப்பது மேல். மணலில் கால் புதையாமலிருக்க அகலமான ரப்பர் புஷ் வேண்டும். புஷ் இரண்டு ரூபாய்ப் பொருள் என்று எண்ணித் தொலைந்ததை அப்படியே விட்டுவிட்டால், குழாய் முனை தரையில் உரசி அங்கிருந்தே துருப்பிடிக்கும்.

மூலை கிழிந்தால் தார்ப்பாய் தைக்கும் கடையிலோ செருப்புத் தைப்பவரிடமோ தடித்த நைலான் நூலால் தைத்துக்கொள்ளலாம். ரிவெட் போனால் காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டைப் பக்கம் எந்தப் பட்டறையிலும் அதைத் துளைத்தெடுத்து நைலாக் நட் போட்டுத் தருவார்கள். வெடித்த பிளாஸ்டிக் முடிச்சுக்கு மட்டும் வழியில்லை, அந்த மாடலுக்கான உதிரி கிடைத்தால் தவிர. ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் உதிரி பாகம் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.