கேள்வி கேட்டால் வாயாடியா?



உலக சுகாதார நிறுவனம் 10 வாழ்க்கைத் திறன்களைச் சொல்கிறது. அதில் ஒன்று ஆராய்ந்து சிந்தித்தல். அதாவது, யார் எதைச் சொன்னாலும் உடனே நம்பாமல் மூன்று கேள்வி கேட்க வேண்டும். சொல்வது யார்? அவருக்கு எப்படித் தெரியும்? ஏன் இவ்வளவு அவசரம்?

போன மாசம் எங்க அம்மாவுக்கு ஒரு போன் வந்தது. "பேங்க்ல இருந்து பேசுறோம். உங்க உரிமைத்தொகை நின்னுடும். போனுக்கு வந்த நம்பரை உடனே சொல்லுங்க" என்றார் ஒருவர். அம்மா பயந்துபோய், "படிச்சு சொல்லு பாப்பா" என்று போனை என்னிடம் நீட்டினார். 'இதை யாரிடமும் சொல்லாதீர்கள்' என்று அந்த மெசேஜிலேயே இங்கிலீஷில் இருந்தது. "நீங்க எந்த ஊர் பிராஞ்ச் சார்?" என்று கேட்டேன். டக்கென்று வைத்துவிட்டார்.

அதுதான் ஓ.டி.பி. எண். அதைச் சொன்னால் கணக்கில் உள்ள பணம் போய்விடும். பேங்கில் இருந்து அதைக் கேட்கவே மாட்டார்கள். யாராவது ஏமாந்துவிட்டால் உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும்.

நான் கேள்வி கேட்டால் அம்மா எப்போதும் "வாயாடி" என்பார். அன்று சொல்லவில்லை. அவர் களை எடுத்துச் சேர்த்த பணம் அதில்தான் இருந்தது.

மரியாதையாகக் கேளுங்கள். ஆனால் கேளுங்கள்!

- 9-ஆம் வகுப்பு மாணவி