மீ கோரெங்: சொல்லும் சுவையும்

'மீ கோரெங்' என்னும் பெயரைப் பிரித்து நோக்கின் அதன் வரலாற்றிற் பெரும்பகுதி வெளிப்பட்டுவிடும். 'மீ' என்பது கோதுமை மாவில் இழைத்த நூடில்ஸைக் குறிக்கும் ஹொக்கியன் சீனச் சொல். 'கோரெங்' என்பது பொரித்தலைக் குறிக்கும் மலாய்ச் சொல். இவ்விரண்டையும் ஒரே தாச்சியில் இட்டுக் கிளறியவர்களோ இராமநாதபுரம், கடையநல்லூர் முதலிய ஊர்களிலிருந்து கப்பலேறிச் சென்ற தமிழ் முஸ்லிம்கள். அவர்களை அந்நாட்டார் 'மாமாக்' என்று அழைப்பர். நமது 'மாமா' என்னும் முறைப்பெயரே அங்ஙனம் திரிந்தது என்பர். மாவு சீனருடையது, பெயர் மலாயருடையது, கை தமிழருடையது. இப்பண்டம் யாருக்கு உரியது என்று பினாங்கில் நான் வினவியபோது, எவரும் விடைகூற முற்படவில்லை, உண்பதில் முனைந்திருந்தனர்.

மலாயாவின் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் காரியாலயங்களிலும் கடமையாற்றச் சென்று, ஆங்கே வேரூன்றிய யாழ்ப்பாணத்தார் பலர். அவர் வழிவந்த உறவினர் ஒருவர் வீட்டிற் சில நாள் தங்கியிருந்த காலத்தில், மாலைதோறும் ஜோர்ஜ் ரவுன் தெருக்களில் உலாவினேன். அவித்த உருளைக்கிழங்குத் துண்டு, சோயாக்கட்டி, கணவாய்ச் சம்பல், முளைவிட்ட பயறு, முட்டை ஆகியன மஞ்சள் நிற மீயுடன் சேர்ந்து சிவந்து வரும். மேலே தேசிக்காய் பிழிவர். "காரம் கூடப் போடவா, ஐயா?" என்று கடைக்காரர் வினவினார். நாம் 'உறைப்பு' என்போம். அவருக்கு அது காரம். இரண்டும் என் நாவைச் சுட்டன.

'சார் குவே தியாவ்' என்பது வேறொன்று. தட்டையான அரிசி நூடில்ஸை இறால், மட்டி, முட்டை என்பவற்றோடு பெருந்தீயில் வறுப்பது அது. பன்றிக் கொழுப்பும் சேர்ப்பதுண்டு. வேண்டாதார் முன்கூட்டியே சொல்லிவிடல் நன்று. தேர்ந்த வறுவற்காரர் ஒரு முறைக்கு ஒருவருக்குரியதையே வறுப்பார். நால்வருக்கு ஒருங்கே இட்டால் தாச்சியின் சூடு தணிந்துவிடும். வறுபட வேண்டியது வெந்து குழையும். ஆதலாற் காத்திருத்தலும் அவ்வுணவின் ஒரு பகுதியே.

ஆயினும் என் உள்ளங்கவர்ந்தது 'அசாம் லக்சா'. 'அசாம்' எனின் புளிப்பு. மீனை அவித்து உதிர்த்து, புளியும், நம் கொறுக்காய்ப்புளிக்கு இனமான ஒரு காயின் வற்றலும் கூட்டிக் காய்ச்சிய சாற்றைத் தடித்த அரிசி நூடில்ஸின்மேல் வார்ப்பர். அன்னாசி, வெங்காயம், புதினா, ஒருவகை இஞ்சிப்பூவின் மொட்டு ஆகியவற்றை அரிந்து தூவி, கரிய இறாற் களியையும் ஒரு கரண்டி விடுவர். முதல் மிடற்றிலேயே எனக்கு ஒடியற்கூழ் நினைவுக்கு வந்தது. புளி, மீன், மிளகாய் என்னும் மூன்றும் கூடினாற் கடற்கரை மக்கள் எங்கும் ஒரே வழியிற் சிந்திப்பர் போலும்! பனையோலைப் பிழா ஒன்றே குறை.

இவ்வளவும் இருக்க, அங்கே ஒரு கவலையும் உண்டு. முதிய வறுவற்காரரின் பிள்ளைகளிற் பலர் தீயின் முன் நிற்க விரும்பாது வேறு தொழில் நாடினர். சில கடைக்காரர் வெளிநாட்டுத் தொழிலாளரை அமர்த்தித் தாச்சியை அவர் கையிற் கொடுத்தனர். சுவை கெடுமென அஞ்சிய பினாங்கு மாநில அரசு, தெருக்கடைகளில் வெளிநாட்டார் தலைமைச் சமையற்காரராதல் கூடாதென 2014இல் அறிவித்து, 2016 முதல் அதனை நடைமுறைப்படுத்தியது. அவர்கள் ஏவல் புரியலாம், சமைத்தல் ஆகாது.

அச்சம் காரணமற்றதன்று. கற்பியாமலே கரண்டியைக் கொடுத்தல் சுவைக்குச் செய்யும் கேடே. ஆனால், கப்பலேறி வந்தவர் சமைத்தல் ஆகாதென்று அன்றே ஒரு சட்டம் இருந்திருப்பின், மீ கோரெங் தோன்றியிராதன்றோ? எவ்வூரிற் பிறந்தாய் என்று வினவுவதை விடுத்து, யாரிடம் எத்துணை ஆண்டு கற்றாய் என்று அச்சட்டம் வினவியிருக்கலாம். எங்கள் கல்லூரியிலும் மாணாக்கனின் ஊரைக் கேட்கிறோம். அது பதிவேட்டிற்காக மட்டுமே.

நான் இறுதியாக உண்ட கடையில் மியன்மார் நாட்டு இளைஞன் ஒருவன் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தான். கத்தி தன்பாட்டில் ஓடியது. அவன் பார்வையோ முதியவர் தாச்சியைச் சுழற்றும் மணிக்கட்டை விட்டு அகலவேயில்லை.