பக்கவேர் பிளக்கும் இடத்தில் நுழையும் பாக்டீரியா

அசோஸ்பைரில்லம் என்ற பாக்டீரியா உயிர் உரத்தை இட்ட எல்லா வயலும் ஒன்றுபோல் விளைவதில்லை. ஒரு வயலில் பயிர் கரும்பச்சையாகத் தளதளவென்று நிற்கும். இன்னொன்றில் இட்ட சுவடே தெரியாது. மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கும் நுண்ணுயிர்களோடு போட்டிபோட முடியாமல், வேரைப் பற்றும் முன்பே பாக்டீரியாக்கள் மடிந்துபோவது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

இதற்கு நல்லதொரு வழியைக் காட்டியிருக்கிறது பிரேசில். செக்கோஸ்லோவாகியாவில் பிறந்து அங்கே குடியேறிய யோகானா டோபெரெய்னர் (1924–2000), ரியோ டி ஜெனிரோ மாநிலத்தின் செரோபெடிகாவில் பல பத்தாண்டுகள் உழைத்தவர். காற்றின் நைட்ரஜனை நிலைப்படுத்தும் பாக்டீரியாக்கள் கரும்பு, மக்காச்சோளம் போன்ற புல்லினப் பயிர்களோடும் வாழ்கின்றன என்று உலகுக்கு உணர்த்தினார். 1978இல் அசோஸ்பைரில்லத்துக்குப் பெயர் சூட்டியவர்களில் அவரும் ஒருவர். 1986இல் அவருடைய குழு அறிவித்த ஹெர்பாஸ்பைரில்லம் செரோபெடிகே என்ற பாக்டீரியா அந்த ஊரின் பெயரையே தாங்கியிருக்கிறது.

அதே மாநிலத்தின் கரும்பு வட்டாரமான காம்போஸில், லூசியானோ கனெல்லாஸும் சக ஆய்வாளர்களும் மண்புழு உரத்தை ஆராய்ந்தனர். இந்த உரத்தைக் காரக் கரைசலில் ஊறவைத்தால் காபி டிகாஷன் நிறத்தில் சாறு இறங்கும். அதில் அமிலம் விட, கறுப்பாக அடியில் படிவதே ஹியூமிக் அமிலம். அது பட்ட மக்காச்சோள வேர்களில் பக்கவேர்கள் பெருகியதை 2002இல் அவர்கள் வெளியிட்டனர். செல் சவ்விலுள்ள புரோட்டான் பம்புகள் வேகம் பிடித்து ஹைட்ரஜன் அயனிகளை வெளியே தள்ளுகின்றன, செல்சுவர் தளர்கிறது, வேர் நீள்கிறது.

பக்கவேர் வேரின் தோலில் முளைப்பதில்லை. உள்ளடுக்கில் உருவாகி, மேலுள்ள திசுக்களைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. அந்தப் பிளவுதான் பாக்டீரியா உள்ளே நுழையும் முக்கிய வழி. பக்கவேர் கூடினால் நுழைவழியும் கூடும். உள்ளே போட்டி குறைவு; செடியின் சர்க்கரையும் கிடைக்கும். நைட்ரஜனை நிலைப்படுத்தும் நொதியை ஆக்சிஜன் சிதைத்துவிடும் என்பதால், ஆக்சிஜன் குறைந்த திசுக்கள் அதற்குப் பாதுகாப்பும்கூட.

ஹியூமிக் பொருளையும் ஹெர்பாஸ்பைரில்லத்தையும் சேர்த்து மக்காச்சோளத்துக்குக் கொடுத்த கள ஆய்வொன்றில், எதுவும் தெளிக்காத பயிரைவிட மகசூல் 65 சதவீதம் உயர்ந்ததாக 2013இல் கனெல்லாஸ் குழுவினர் எழுதினர். இதற்கு நைட்ரஜன் மட்டும் காரணமல்ல; பாக்டீரியா சுரக்கும் வளர்ச்சி ஊக்கிகளுக்கும் பங்குண்டு. எனவே இதை நம்பி யூரியாவை ஒரேயடியாக நிறுத்திவிட முடியாது.

நமக்கு ஹியூமிக் அமிலம், பாக்டீரியா உயிர் உரம் இரண்டுமே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியிலிருந்து ஹியூமிக் அமிலம் எடுக்கலாம். ஹெக்டேருக்குரிய அசோஸ்பைரில்லத்தை 25 கிலோ தொழுவுரத்தோடும் 25 கிலோ மண்ணோடும் கலந்து இடும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. அந்தத் தொழுவுரம் வெறும் அளவுகூட்டும் பொருளல்ல. நன்கு மட்கியிருந்தால் அதுவே ஹியூமிக் பொருள்களைத் தரும். கடையில் வாங்கும் பொட்டாசியம் ஹியூமேட் காரத்தன்மை மிகுந்தது. நீர்க்கக் கரைக்காமல் பாக்டீரியாவோடு கலக்கக் கூடாது. உயிர் உரத்துக்குச் செலவிடும் அக்கறையில் பாதியையாவது மட்குக்கும் செலவிடுவோம். மட்கில்லாத மண்ணில் எந்த உயிர் உரமும் தன் முழுப் பலனைத் தராது.