உள்நாட்டுப் பாதுகாப்பில் ஒரு பட்டம்: கட்டணம் கட்டுவதற்கு முன்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் வெஸ்ட்வுட் கல்லூரி குற்றவியல் நீதிப் பட்டத்தை விற்றது போலீஸ் வேலையைக் காட்டித்தான். படிப்பை முடித்து விண்ணப்பத்தோடு போனவர்களுக்கு அப்போதுதான் சங்கதி தெரிந்தது. சிகாகோ நகரப் போலீசும் மாநிலப் போலீசும் அந்தப் பட்டத்தை ஏற்பதில்லை. கல்லூரிக்கு அங்கீகாரமே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. ‘தேசிய’ அங்கீகாரம் இருந்தது. போலீஸ் கேட்டதோ ‘பிராந்திய’ அங்கீகாரம். தேசியம் பெரிது, பிராந்தியம் சிறிது என்றுதான் யாருக்கும் தோன்றும். அமெரிக்கக் கல்லூரி உலகில் மதிப்பு நேர் எதிராக இருந்தது.

மாநில அட்டர்னி ஜெனரல் லிசா மேடிகன் 2012-இல் வழக்குத் தொடுத்தார். 2015-இல் 1.5 கோடி டாலர் மாணவர் கடனைத் தள்ளுபடி செய்யக் கல்லூரி ஒப்புக்கொண்டது. மறு ஆண்டே மூடப்பட்டது. மத்தியக் கல்வித் துறை 2022-இல், அங்கே படித்த சுமார் 79,000 பேரின் 150 கோடி டாலர் கடனை ரத்து செய்தது. நியாயம் கிடைத்தது என்னவோ உண்மை. ஆனால் வழக்குப் போட்ட நாளிலிருந்து பத்து வருடம். இருபது வயதில் கடன் வாங்கியவர் முப்பதைத் தாண்டியிருப்பார்.

இந்தக் குற்றவியல் நீதிப் படிப்பின் தம்பிதான் உள்நாட்டுப் பாதுகாப்பு இளநிலைப் பட்டம். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு 22 அமைப்புகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து, 2003 மார்ச் 1 அன்று உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை இயங்கத் தொடங்கியது. எல்லைக் காவல், விமான நிலையச் சோதனை, பேரிடர் நிவாரணம், கடலோரக் காவல்படை எல்லாம் அதற்குள் அடக்கம். இவ்வளவு பெரிய துறை வந்தால் அதன் பெயரில் படிப்பு வராமல் இருக்குமா? அவசரநிலை மேலாண்மை, பயங்கரவாதத் தடுப்பு, எல்லைச் சட்டம், உளவுத் தகவல் பகுப்பாய்வு என்று பாடங்கள் வந்தன. அல்பனி பல்கலைக்கழகம் 2015-இல் இதற்கென்று தனிக் கல்லூரியே தொடங்கியது. படிப்பில் சாரம் இல்லை என்று சொல்வதற்கில்லை. புயலும் வெள்ளமும் வரும்போது ஓர் ஊரை எப்படிக் காலி செய்வது என்று முறையாகக் கற்றவர்கள் எந்த நாட்டுக்கும் தேவை.

சிக்கல் பட்டத்தின் பெயரில் இருக்கிறது. துறையின் பெயரும் படிப்பின் பெயரும் ஒன்றாக இருப்பதால், இதைப் படித்தால் அதில் வேலை என்று மாணவர் நினைத்துக்கொள்கிறார். விமான நிலையத்தில் பயணிகளைச் சோதிக்கும் அதிகாரிக்குப் பள்ளிப் படிப்பு போதும். எல்லைக் காவல் பணிக்கும் பட்டம் கட்டாயமில்லை. பட்டம் கேட்கும் தொடக்கநிலைப் பணிகள் பலவற்றுக்கு எந்தப் பாடத்தில் பெற்றிருந்தாலும் சரி. சராசரி மதிப்பெண் 4-க்கு 3.0 இருந்தால் ஒரு படி மேலேயே நுழையலாம். இதெல்லாம் இரகசியமும் இல்லை. மத்திய அரசின் யுஎஸ்ஏஜாப்ஸ் தளத்தில் ஒவ்வொரு அறிவிப்பிலும் தகுதி எழுதியிருக்கிறது. கல்லூரியின் வண்ணக் கையேட்டைப் புரட்டும் முன்பு அந்த அறிவிப்புகளில் பத்தைப் படித்தால், கையேட்டில் எது சரக்கு, எது விளம்பரம் என்று பிடிபட்டுவிடும்.

அடுத்த வாசல், அரசு இரகசியங்களைக் கையாளத் தேவையான பாதுகாப்பு அனுமதி. எஸ்எஃப்-86 என்ற விண்ணப்பம் பத்து வருடம் குடியிருந்த முகவரிகள், வெளிநாட்டு உறவுகள், போதைப் பொருள் பழக்கம், பாக்கி விழுந்த கடன் என்று துருவிக் கேட்கும். பல மாநிலங்களில் கஞ்சா சட்டப்படி கடையிலேயே கிடைக்கிறது. மத்தியச் சட்டம் இன்னும் அதை அனுமதிக்காததால், அந்தப் பழக்கம் பாதுகாப்பு அனுமதிக்கு இடையூறாகலாம். அதைவிட ஆபத்து மறைப்பது. தெரிந்தே பொய் எழுதினால் ஐந்தாண்டு வரை சிறைக்கு இடமுண்டு. கடனிலும் ஒரு கண்ணி இருக்கிறது. உதவாத பட்டத்துக்கு வாங்கிய கடனைக் கட்டாமல் விட்டால், அந்தப் பாக்கியே அனுமதிக்குத் தடையாக நிற்கலாம்.

அனுமதி பெறுவது யாருக்கும் உரிமையல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1988-இல் சொல்லிவிட்டது. ஆனாலும் மறுக்கப்பட்டவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. 1995-ஆம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவுப்படி காரணத்தை எழுத்தில் கேட்கலாம், அடிப்படை ஆவணங்களைக் கோரலாம், சொந்தச் செலவில் வழக்கறிஞரை வைத்துப் பதில் தரலாம், மேல்முறையீடும் செய்யலாம்.

இதுவரை சொன்னது அமெரிக்கக் குடிமக்களுக்கு. சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ எஃப்-1 விசாவில் போகும் மாணவருக்குக் கணக்கே வேறு. அமெரிக்க மத்திய அரசுப் பணி பொதுவாகக் குடிமக்களுக்குத்தான். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கே கதவு பெரும்பாலும் திறப்பதில்லை. படித்த துறையில் வேலைப் பயிற்சி பெற 12 மாதம் கிடைக்கும். அதற்குமேல் 24 மாத நீட்டிப்பு, கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் அச்சாகியிருக்கும் பாடக் குறியீடு அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் இருந்தால்தான். கணினிப் பாதுகாப்புக்கான குறியீடு அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே பட்டத்தின் பெயரைவிடப் படிவத்தில் உள்ள எண்ணைப் பார்ப்பது முக்கியம். கல்லூரி மூடப்பட்டாலோ ஏமாற்றினாலோ கடனை ரத்து செய்யக் கோரும் வழிகள் அமெரிக்க மத்திய அரசுக் கடனுக்கு மட்டுமே உண்டு. வீட்டுப் பத்திரத்தை ஈடு வைத்து இங்குள்ள வங்கியில் வாங்கிய கடனுக்கு அந்த வழி எதுவும் உதவாது.

மிச்சிகனில் நடந்தது இன்னும் விசித்திரம். ஃபார்மிங்டன் பல்கலைக்கழகம் என்று ஒன்று இயங்கியது. இணையதளம் இருந்தது, கட்டணம் இருந்தது, அங்கீகாரம் பெற்றதாகப் பட்டியலில் பெயரும் இருந்தது. வகுப்பும் ஆசிரியரும் மட்டும் இல்லை. விசா மோசடியைப் பிடிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் அதிகாரிகளே அமைத்த பொறி அது. சேர்ந்த சுமார் 600 பேரில் பெரும்பாலோர் இந்தியர்கள். 2019 ஜனவரியில், ஆள் சேர்த்துவிட்ட எட்டுப் பேர் மீது குற்றச்சாட்டு வந்தது. மாணவர்கள் பலர் கைதாகி நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. வகுப்பே நடக்காது என்று தெரிந்துதான் சேர்ந்தார்கள் என்றது அரசு. ஏமாற்றப்பட்டோம் என்றார்கள் மாணவர்கள். கட்டிய கட்டணத்துக்காக மாணவர் தரப்பு தொடுத்த ஒப்பந்த மீறல் வழக்கை மேலே நடத்தலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2024 ஜூனில் அனுமதித்தது.

பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. அமெரிக்கக் கல்வித் துறையின் அங்கீகாரத் தளத்தில் பார்த்த கையோடு, பருவத்துக்கான வகுப்பு அட்டவணையையும் பாடம் நடத்துபவர்களின் பெயர்களையும் கேட்டு வாங்க வேண்டும். கடந்த மூன்று வருடத்தில் இந்தப் பட்டம் பெற்றவர்கள் எங்கே, என்ன வேலையில் இருக்கிறார்கள், அவர்களில் வெளிநாட்டு மாணவர் எத்தனை பேர் என்று மின்னஞ்சலில் எழுதிக் கேட்கலாம். தொலைபேசியில் சொல்லும் பதில் பிற்பாடு புகாருக்கு உதவாது. சென்னையிலேயே எஜுகேஷன் யுஎஸ்ஏ ஆலோசனை மையம் இருக்கிறது. முகவரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பு அங்கே போய், கல்லூரி அனுப்பிய பதிலையும் ஐ-20 படிவத்தையும் காட்டி விசாரிக்கலாம்.